காற்றுக்கு எல்லார் குரலும் தெரியும்

மண்சாலை வளைந்து மேடேறியதும் அந்த வீடு தெரிந்தது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைக் கோதுமை. நடுவில் ஒற்றை வீடு, அதன் முன்னால் கிளை பரப்பிய ஒரு பெரிய காட்டன்வுட் மரம். நோரீன் வண்டியை மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினாள். மே மாதத்து வெயில் ஈரத்துணி மாதிரி முகத்தில் ஒட்டியது. மேற்குக் கான்சாஸில் அப்படி ஒட்டினால் சாயங்காலத்துக்குள் வானம் உடையும் என்று அர்த்தம்.

"இங்கேயே இருப்போம். மேற்கு முழுக்கத் தெரியுது" என்றாள்.

பக்கத்து இருக்கையில் வெண்டல் மடிக்கணினியைத் தொடையில் வைத்துக்கொண்டு சூரியகாந்தி விதை மென்றுகொண்டிருந்தான். தோலைக் காகிதக் கோப்பையில் துப்பினான்.

"ரேடார்ல ஒண்ணுமே இல்ல. இன்னும் ரொம்ப நேரம் ஆகும்."

"போன தடவையும் இதையேதான் சொன்ன. சொல்லிட்டு பர்ரிட்டோ வாங்கப் போன. நீ திரும்பி வர்றதுக்குள்ள சுழல்காத்து இறங்கி ஆடி முடிச்சிட்டு வீட்டுக்கே போயிடுச்சு."

"பர்ரிட்டோ நல்லா இருந்துச்சுல்ல?"

அவள் சட்டென்று இறங்கினாள். சிரிப்பை அவன் பார்த்துவிடக்கூடாது என்பதுதான் காரணம்.

இருவரும் ஒரு காலத்தில் கணவன் மனைவி. நோரீன் சலைனாவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வெண்டல் கூரை வேய்கிறவன். ஆலங்கட்டி விழுந்தால்தான் அவனுக்கு வேலை. விவாகரத்தின்போது வீட்டைப் பிரித்தார்கள், பாத்திரங்களைப் பிரித்தார்கள், நண்பர்களைக்கூடப் பிரித்துக்கொண்டார்கள். மே மாதத்தை மட்டும் பிரிக்க முடியவில்லை. ஒவ்வொரு வருடமும் பள்ளி மூடும் வாரம் அவன் வந்து வாசலில் ஹாரன் அடிப்பான். அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். சமவெளி முழுக்க இடிமேகங்களின் பின்னால் அலைவார்கள், சண்டை போடுவார்கள், ஜூனில் பேசாமல் பிரிவார்கள். வானத்தை நோரீன் பார்க்கிற மாதிரி பார்க்கத் தெரிந்த வேறு ஆள் அவனுக்குக் கிடைக்கவில்லை. அவளுக்கும் அப்படித்தான்.

வீட்டில் யாரும் குடியிருந்து பல காலம் ஆகியிருந்தது. ஜன்னல்களில் பலகை அடித்திருந்தார்கள். கூரையின் ஒரு பக்கம் உள்ளே சரிந்து கிடந்தது. தாழ்வாரத்தின் மரப்படிகள் காலை வைத்தால் தூளாகும் போலிருந்தன. வீட்டின் பின்னால் புல் மூடிய ஒரு மண்மேடு. அதன் பக்கவாட்டில் சாய்வாகப் பதித்த கனமான மரக்கதவு. புயல் வந்தால் குடும்பம் இறங்கி ஒளிந்துகொள்ளும் நிலவறை. அந்தப் பக்கத்துப் பழைய பண்ணை வீடுகள் எல்லாவற்றிலும் ஒன்று இருக்கும்.

ஆனால் மற்றதெல்லாம் மக்கிக்கொண்டிருக்க, அந்தக் கதவு மட்டும் திடமாக இருந்தது. கீல்களில் துருவே இல்லை. நேற்றுத்தான் யாரோ எண்ணெய் பூசியது போல மினுங்கின.

வெண்டல் குனிந்து இரும்பு வளையத்தைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான்.

"உள்ளேர்ந்து தாழ் போட்டிருக்கு."

"யாரு போடுவா?"

"நான் என்னத்தைக் கண்டேன்? எலிக்கு இப்ப அந்தரங்கம் தேவைப்படுதோ என்னவோ."

அப்போதுதான் ஒரு பழைய பிக்கப் வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. ஓட்டி வந்தவள் அகன்ற தோள்களும் வெயிலில் வெந்த முகமும் கொண்ட பெண். இறங்கவில்லை. ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"புயல் துரத்துறவங்களா?"

"ஆமாம் மேடம்" என்றான் வெண்டல்.

"மேடம் எல்லாம் வேணாம். ட்ரூடி. இது என் நிலம். முன்னே பென்னர் குடும்பத்தோடது. வேடிக்கை பாருங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. கோதுமையில மட்டும் வண்டியை ஏத்திடாதீங்க." மேற்கே பார்த்தாள். வானம் இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது. "வந்துச்சுன்னா சீக்கிரம் கிளம்பிடுங்க. தெற்கால அடுத்த வீடு என்னுது. நிலவறை இருக்கு. கதவு திறந்தே கிடக்கும்."

"இங்கேயே ஒண்ணு இருக்கே?" என்றாள் நோரீன்.

ட்ரூடி அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

"அது வேணாம்."

"பாம்பா?"

"பாம்புன்னா சொல்லியிருப்பேன். பாம்பை அடிச்சிடலாம்." கியரைப் போட்டாள். "வண்டி மாட்டிக்கிச்சுன்னா சாலையோரப் பள்ளத்துல குப்புறப் படுங்க. அதுல மட்டும் இறங்காதீங்க. சரியா?"

அவள் போன பிறகு வெண்டல் உதட்டைப் பிதுக்கினான். "உன்னோட சித்தி மாதிரியே இருக்கா."

"என் சித்தி உன்னை உள்ளேயே விடமாட்டா."

தென்மேற்கில் முதல் மேகம் எழும்பியது அப்போதுதான்.

அது எழும்பிய விதம் நோரீனுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததாலேயே மிகவும் பிடித்தது. கொதிக்கிற பால் மாதிரி பொங்கிப் பொங்கி மேலேறி, தலை தட்டி, பட்டறைக்கல் போலத் தட்டையாக விரிந்தது. சூரியனை விழுங்கியது. தென்கிழக்கிலிருந்து வந்த சூடான காற்று கோதுமைக் கதிர்களை எல்லாம் அந்த மேகத்தை நோக்கி வணங்க வைத்தது. அடிப்பகுதி கறுத்து, சுவர் போல ஒரு துண்டு கீழே இறங்கி, மெல்லச் சுற்ற ஆரம்பித்தது.

"சுத்துது" என்றான் வெண்டல். குரலில் கேலி போயிருந்தது.

வெகு தூரத்தில், மேற்கு அடிவானத்தின் ஓரத்தில், சுவரிலிருந்து ஒரு வெள்ளை விரல் நீண்டது. தரையைத் தொட்டது. சத்தமே இல்லாமல் வளைந்து நெளிந்து வயல்களின் மேல் நடந்தது. நோரீன் காமிராவின் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். வெண்டல் வானிலை நிலையத்துக்குக் கைபேசியில் தகவல் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த விரல் மெலிந்து, கயிறாகி, அறுந்து, காணாமல் போனது.

"போதும். கிளம்பலாம்" என்றான்.

"இன்னும் கொஞ்சம். அது மறுபடியும் இறங்கும்."

"தெற்கால பாரு. மழைத்திரை நம்ம பக்கம் வருது."

"கொஞ்சம் இரு வெண்டல்."

அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது காற்று நின்றது.

அத்தனை நேரம் முதுகில் அடித்துக்கொண்டிருந்த காற்று, யாரோ விசிறியை நிறுத்திய மாதிரி நின்றது. காட்டன்வுட் இலை ஒன்றுகூட அசையவில்லை. மண்ணைப் புதிதாகப் பிளந்த வாசனை. அறுத்த பச்சைக் கதிரின் வாசனை. வெளிச்சம் பாசிபிடித்த தண்ணீர் நிறத்துக்கு மாறியது.

தெற்கே மழைத்திரைக்கு உள்ளே நீலமாக ஒரு பொறி வெட்டியது. பிறகு இன்னொன்று, இன்னும் பக்கத்தில். மின்னல் இல்லை. சாலையோர மின்கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்து விழுந்துகொண்டிருந்தன.

மழைக்குள் ஏதோ நடந்து வந்தது.

"வண்டியில ஏறு!" வெண்டல் கத்தினான்.

முதல் ஆலங்கட்டி கூடைப்பந்து போல முற்றத்தில் குதித்தது. அவ்வளவு பெரிதில்லை என்றாலும் முஷ்டி அளவு இருந்தது. இரண்டாவது முன் கண்ணாடியை உள்ளே தள்ளியது. அவள் வண்டியைப் பின்னால் எடுத்தாள். சக்கரங்கள் சேற்றில் வழுக்கிச் சுழன்றன. தலைக்கு மேல் பெரிய முறிவுச் சத்தம். காட்டன்வுட் மரத்தின் அரைவாசி பிளந்து என்ஜின் மேல் விழுந்தது. வண்டி முழங்காலிட்டது.

"பள்ளத்துக்கு! ஓடு!"

பள்ளத்துக்குப் போக அவர்கள் முற்றத்தைத் தாண்ட வேண்டும். முற்றத்தில் பனிக்கட்டிகள் சரமாரியாக இறங்கி, தரை கொதிப்பது போலக் குதித்துக்கொண்டிருந்தன. நோரீன் தலைக்கு மேல் பையைப் பிடித்துக்கொண்டு வீட்டின் ஓரமாக ஓடினாள். தோளில் ஓர் அடி. கழுத்தில் ஓர் அடி. வீட்டின் பின்பக்கம் திரும்பியவள் அதைப் பார்த்தாள்.

நிலவறைக் கதவு விரியத் திறந்திருந்தது.

யோசிக்க நேரமில்லை. யோசித்திருந்தால், சற்று முன்னால் வெண்டல் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தது நினைவுக்கு வந்திருக்கும். முதுகின் மேல் ஒரு கை பட்டு அவளை முன்னே தள்ளியது. அவள் படிகளில் உருண்டு விழுந்தாள். பின்னால் கதவு அறைந்து சாத்தியது. தாழ்ப்பாள் எண்ணெயில் வழுக்கும் மெல்லிய ஓசையோடு நகர்ந்து பொருந்தியது.

கும்மிருட்டு.

மேலே ஆலங்கட்டிகள் கதவை உடைத்துவிடும் போல அடித்தன. கீழே ஈரமண் நாற்றம், முளைவிட்ட உருளைக்கிழங்கின் நாற்றம், பழைய மண்ணெண்ணெய். நோரீன் சுவரைத் தடவி எழுந்தாள். கைபேசி வண்டியிலேயே கிடந்தது.

"வெண்டல்?"

"இருக்கேன்." மிக அருகில், படியின் மேலிருந்து.

"அடிபட்டுச்சா?"

"இல்ல."

"எனக்கு மூச்சே நின்னுபோச்சு. டார்ச்சு வச்சிருக்கியா?"

"வெளிச்சம் எதுக்கு? பக்கத்துல வா."

தோளின் மேல் ஒரு கை வந்து அமர்ந்தது. சில்லென்றிருந்தது. ஆலங்கட்டியில் நனைந்த கை, அதுதான் என்று நினைத்தாள். அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"பயப்படாதே கண்ணே" என்றது வெண்டலின் குரல்.

அப்போது கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

ஆலங்கட்டி அடிக்கிற மாதிரி இல்லை. முஷ்டியால் தொடர்ந்து இடிக்கிற சத்தம்.

"நோரீன்! கதவைத் திற!"

அது வெண்டலின் குரல்.

தோளின் மேலிருந்த கை அசையவில்லை.

"நோரீன்! மண்டையில அடிபட்டு விழுந்துட்டேன்! திற!"

"திறக்காதே" என்றது இருட்டுக்குள் அதே குரல், காதின் அருகே, அமைதியாக. "அது நான் இல்ல."

"நீ... நீ யாரு?"

"நான்தான் கண்ணே. வெளியே இருக்கிறது காத்து. காத்துக்கு எல்லார் குரலும் தெரியும். அழும், கெஞ்சும், பேர் சொல்லிக் கூப்பிடும். திறந்தா எல்லாரையும் கொண்டுபோயிடும்."

மேலே ஆலங்கட்டி நின்றது. அதன் இடத்தில் வேறொரு சத்தம் வந்தது. முதலில் தூரத்து அருவி மாதிரி. பிறகு அருவி கிட்டத்தில் வந்தது. காது அடைத்து வலித்தது. மண்சுவர்கள் அதிர்ந்து தலையில் மண் உதிர்ந்தது.

இடி இடி என்று கதவை இடித்துக்கொண்டே இருந்தான் வெளியில் இருந்தவன்.

"கடவுளே, நோரீன், வந்துடுச்சு! வீட்டுக்கு மேலயே வந்துடுச்சு!"

"கேக்காதே" என்றது உள்ளே இருந்த குரல். "குழந்தை அழற மாதிரிகூடக் கேக்கும். நம்பாதே."

குழந்தையா? எந்தக் குழந்தை? அவர்களுக்குக் குழந்தை இல்லை.

அவள் படியில் கால் வைத்தாள். தோளின் மேலிருந்த கை இறுகியது.

"அடி ராட்சசி!" வெளியே இருந்தவன் அலறினான். "இங்கேயும் என்னைத் தாழ் போட்டு வெளிய நிறுத்திட்டியா? செத்தா பேயா வந்து உன் பஸ்ஸுல உட்கார்ந்துக்குவேன், திறடி!"

நோரீனுக்குப் புரிந்துவிட்டது.

பதினாறு வருட வாழ்க்கையில் வெண்டல் ஒரு நாள்கூட அவளைக் கண்ணே என்று கூப்பிட்டதில்லை.

அவள் தாழ்ப்பாளை நோக்கிப் பாய்ந்தாள். இருட்டில் விரல்கள் இரும்பைத் தேடின. இரும்பின் மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது. எலும்பும் ஈரமும் மட்டுமே ஆன கை. அவள் அதன் விரல்களைப் பிரிக்க இழுத்தாள். பிரியவில்லை. முழங்கையால் பின்னால் குத்தினாள். குத்து ஈரமண்ணில் புதைந்தது போல எதிலோ புதைந்தது. இன்னொரு கை அவள் முகத்தைச் சுற்றி வளைத்து வாயைப் பொத்தியது.

"எல்லாரும் செத்துடுவோம்" என்று அது அழுதது. இப்போது அது வெண்டலின் குரலாக இல்லை. வயதான, தொண்டை கிழிந்த ஒரு குரல். "பிள்ளைங்க உள்ள இருக்காங்க. எல்லாரும் செத்துடுவோம்."

அவள் கடித்தாள். பற்கள் இறங்கின. வாய் நிறைய மண்ணின் சுவை. துப்பிவிட்டு மறுபடி கடித்தாள். நகம் பெயர்ந்து ரத்தம் வழிந்த விரல்களால் தாழ்ப்பாளைப் பிடித்து, உடம்பின் முழு எடையையும் போட்டு, இழுத்தாள்.

தாழ் விட்டது.

கதவை அவள் திறக்கவில்லை. காற்று திறந்தது. அந்தப் பெரிய மரக்கதவு கீல்களோடு பிய்ந்து, காகிதம் மாதிரி மேலே போயிற்று.

திறப்புக்கு மேல் வானம் இல்லை. கறுப்பாகச் சுழலும் சுவர் இருந்தது. அதற்குள் பலகைகள், தகரங்கள், ஒரு முழு மரம், இன்னும் கத்திக்கொண்டிருந்த ஒரு பசுமாடு. வெண்டல் நிலைச்சட்டத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். அவன் கால்கள் தரையில் இல்லை. மேல்நோக்கி இருந்தன.

நோரீன் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் முகம் முழுக்க ரத்தம். ஏதோ சொன்னான், கேட்கவில்லை. அவன் விரல்கள் மரத்திலிருந்து நழுவின. அவனோடு சேர்ந்து அவளும் மேலே எழும்பினாள். படி காலுக்குக் கீழிருந்து விலகியது. மார்பு திறப்பைத் தாண்டியது. மணலும் கண்ணாடித் தூளும் கலந்த காற்று தோலை உரித்தது.

போய்விட்டோம் என்று நினைத்தாள்.

கீழே, இருட்டுக்குள்ளிருந்து, இரண்டு கைகள் அவள் கணுக்கால்களைப் பிடித்தன.

பிடித்து இழுத்தன. அவளை அடித்துப்போடுகிற வேகத்தில் இழுத்தன. அவள் வெண்டலை விடவில்லை. எங்கிருந்தோ சுழன்று வந்த முள்கம்பி அவன் தொடையைச் சுற்றிச் சதையை அறுத்துக்கொண்டு போனதைப் பார்த்தாள். அவன் வாய் திறந்த அலறலையும் பார்த்தாள். எதுவும் காதில் விழவில்லை. பிறகு மூவரும், அப்படித்தான் அவள் மனம் அந்த நொடியில் எண்ணிக்கொண்டது, மூவரும் படிகளில் உருண்டு கீழே விழுந்தார்கள்.

அருவி கடந்து போனது.

மெல்லிய மழை தூறியது. மேற்கே மேகத்துக்கு அடியில் மாலைச் சூரியன் வெளியே வந்து, மேலேயிருந்து நிலவறைக்குள் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. நோரீன் இடுப்புப் பட்டையைக் கழற்றி வெண்டலின் தொடையில் இறுக்கிக் கட்டினாள். கைகள் அவைபாட்டுக்கு வேலை செய்தன. கட்டி முடித்த பிறகுதான் தைரியம் வந்து சுற்றிலும் பார்த்தாள்.

இரண்டு பேர் படுத்தால் இடம் முடிந்துபோகிற சிறிய அறை. சுவரில் ஒரு பலகை. அதில் ஊறுகாய்ப் புட்டிகள், ஒன்றுகூட உடையாமல். வேறு யாரும் இல்லை. ஒளிய மூலையும் இல்லை.

"யாருடி அது?" வெண்டல் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான். "நான் தட்டறப்போ உள்ள யாரோடயோ பேசிட்டிருந்த."

"பேசாம இரு. ரத்தம் போகுது."

அவள் தன் காலைப் பார்த்தாள். இரண்டு கணுக்கால்களிலும் விரல்கள் பதிந்த நீலத் தடங்கள்.

ட்ரூடியின் பிக்கப் வயலின் குறுக்கே, தன் கோதுமையைத் தானே மிதித்துக்கொண்டு வந்தது. மேட்டில் வீடு இல்லை. வீடு இருந்ததற்கான கற்கள்கூட இல்லை. இருவரும் சேர்ந்து வெண்டலைத் தூக்கிப் பின்னிருக்கையில் கிடத்தினார்கள். அவன் நினைவு தப்பிப் போயிருந்தான். ஆம்புலன்ஸ் வரும் வழியெல்லாம் மரம் விழுந்து கிடக்கிறது, நாமே போய்விடலாம் என்றாள் ட்ரூடி. கொஞ்ச தூரம் ஓட்டினாள். பிறகு, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"உள்ள எத்தனை பேர் இருந்தீங்க?"

"அவன் வெளிய மாட்டிக்கிட்டான். நான்... நான் மட்டும்தான்."

"உன்கிட்ட பேசினாரா?"

நோரீன் தலையசைத்தாள்.

"சொல்லியிருக்கணும் நான். கேலி பண்ணுவீங்கன்னு விட்டுட்டேன்." ட்ரூடி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். "என் அம்மா சின்னப் பொண்ணா இருந்தப்ப நடந்தது. சுழல்காத்து வந்ததும் ஏப்ரம் பென்னர் பிள்ளைங்களைக் கூட்டிட்டு நிலவறைக்குள்ள இறங்கிட்டாரு. பெண்டாட்டி ஹில்டா கைக்குழந்தையைத் தூக்கிட்டு வர வீட்டுக்குள்ள ஓடினா. வந்து பார்த்தா கதவு தாழ் போட்டிருக்கு. தட்டினா. கத்தினா. குழந்தை அழுதுச்சு. அவரு தாழ்ப்பாளைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லையாம். பிள்ளைங்க அவரு கையைப் பிடிச்சு இழுத்திருக்காங்க. 'அது உங்க அம்மா இல்ல, காத்துக்கு எல்லார் குரலும் தெரியும்'னு சொன்னாராம்."

நோரீன் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பற்களுக்கு நடுவே இன்னும் மண் நெறுநெறுத்தது.

"ஹில்டாவையும் குழந்தையையும் கண்டுபிடிச்சாங்களா?"

"அதைக் கேக்காதே." ட்ரூடி கியரை மாற்றினாள். "பிள்ளைங்களை உறவுக்காரங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவரு தனியா அங்கேயே கிடந்தாரு. மேகம் கறுத்தாலே இறங்கித் தாழ் போட்டுக்குவாரு. ஒரு தடவை ஏறி வரவே இல்ல. ஊர்க்காரங்க கதவை உடைச்சுப் பார்த்தாங்க. உள்ளேர்ந்து தாழ் போட்டது போட்டபடி. ஆள் மட்டும் இல்ல. புதுக் கதவு யாரு போட்டாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது."

"என்னைப் பிடிச்சு இழுத்தது அவருதான்" என்றாள் நோரீன். "விட்டிருந்தா நாங்க ரெண்டு பேருமே போயிருப்போம்."

ட்ரூடி விழுந்து கிடந்த ஒரு மரத்தைச் சுற்றி வண்டியைத் திருப்பினாள்.

"அந்தக் கதவு இப்ப இல்ல. காத்து கொண்டுபோயிடுச்சு" என்றாள் நோரீன் மறுபடி.

"அதான் எனக்கு யோசனையா இருக்கு" என்றாள் ட்ரூடி மெதுவாக. "இனிமே அவரு எந்தக் கதவைப் பிடிச்சுக்குவாரு?"

ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நடைபாதை முழுக்க ஈர உடைகளோடு மனிதர்கள், அழுகிற பிள்ளைகள், தலையில் கட்டுப் போட்டவர்கள். வெண்டலை நேராக அறுவை அறைக்குக் கொண்டுபோனார்கள். கால் பிழைக்குமா என்று மருத்துவர் சொல்லவில்லை. உயிரைக் காப்பாற்றப் போராடுவோம் என்றுதான் சொன்னார். ட்ரூடி தன் மாடுகளைப் பார்க்கத் திரும்பிப் போனாள். நோரீன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தாள். ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் எழுந்து நின்றாள்.

கடைசியில் சிவப்பு முடி கொண்ட ஒரு நர்ஸ் அவள் கையில் துண்டையும் சோப்பையும் திணித்தாள்.

"முகத்தைக் கழுவிட்டு வாங்க. அவரு முழிச்சதும் உங்களை இப்படிப் பார்த்தா பயந்துடுவாரு. ஏதாவதுன்னா நானே வந்து கூப்பிடறேன்."

குளியலறை சிறியது. வெள்ளை ஓடுகள், ஒரு குழாய், ஒரு கண்ணாடி, பளிச்சென்ற விளக்கு. நோரீன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வெந்நீரைத் திருப்பிவிட்டு முகத்தைக் குனிந்து கழுவினாள். தண்ணீர் முதலில் கறுப்பாகவும் பிறகு சிவப்பாகவும் பிறகு தெளிவாகவும் ஓடியது. அன்று முதல் தடவையாக அவளுக்கு அழுகை வந்தது. அழுது முடித்தாள். வாய் கொப்பளித்துத் துப்பினாள். துண்டால் முகத்தைத் துடைத்தாள்.

கதவு தட்டப்பட்டது.

"மேடம்?" அந்த நர்ஸின் குரல். களைப்பும் சந்தோஷமும் கலந்திருந்தது. "அவரு கண்ணு முழிச்சிட்டாரு. காலும் தப்பிச்சிடுச்சுன்னு டாக்டர் சொல்றாரு. வாயைத் திறந்ததுமே உங்களைத் திட்டினாரு. சீக்கிரம் வாங்க."

நோரீன் சிரித்தேவிட்டாள். துண்டை வீசிவிட்டுக் கதவின் அருகே போனாள்.

தாழ்ப்பாள் போட்டிருந்தது.

அவள் போடவில்லை.

கைகழுவும் தொட்டியில் தண்ணீர் சலசலத்துக்கொண்டிருந்தது. அதையும் மீறி அந்த வாசனை வந்தது. ஈரமண். முளைவிட்ட உருளைக்கிழங்கு. தாழ்ப்பாளை நோக்கி நீண்ட அவள் கையின் மேல், பின்னாலிருந்து வந்த ஒரு சில்லென்ற கை மெதுவாகப் படிந்து மூடியது.

"மேடம்? கேக்குதா?" வெளியே நர்ஸ் மறுபடி தட்டினாள். "ஏன் திறக்க மாட்டேங்கறீங்க?"

நோரீனின் காதருகே, அதே நர்ஸின் குரலில், மிகவும் அன்பாக, பதில் வந்தது.

"திறக்காதே கண்ணே. அது நான் இல்ல."